ஜெயசீலன் திரும்பி வந்தபோது

செத்தவன் உயிரோடு திரும்பி வந்துவிட்டான் என்ற செய்தி, வியாழக்கிழமை பிற்பகல், முதல் ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதி அடங்கிய சற்று நேரத்துக்கெல்லாம் தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த லைனுக்குள் நுழைந்தது. அதைச் சுமந்து வந்தவள் பக்கத்து வீட்டுத் தாயம்மா. குழாயடியில் குடத்தை வைத்தது வைத்தபடி விட்டு ஓடி வந்தவள், வாசற்படியில் நின்று மூச்சிரைக்கக் கத்தினாள்.

“நாகம்மக்கா! ஆளு சாவலியாம்! உசுரோட வந்துட்டானாம்!”

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த நாகம்மாவின் மடியிலிருந்து முறம் சரிந்தது. அரிசி தரையெங்கும் சிதறியது. எழுந்திருக்கப் பார்த்தாள், முழங்கால் எழவிடவில்லை. வாய் மட்டும் ஒரு பெயரின் முதல் எழுத்தைத் தொட்டு, அங்கேயே நின்றுவிட்டது.

அடுப்படியிலிருந்து சம்பங்கி வந்தாள். தாயம்மாவின் முகத்தில் இருந்தது வெறும் உற்சாகம் என்று பார்த்தவுடனே தெரிந்தது. தெரிந்த பிறகும் நெஞ்சு அடித்துக்கொண்டதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

“யாருன்னு சொல்லிட்டு அப்பால கத்துக்கா. இந்த வூட்ல வந்து இப்படியா சொல்லுவாங்க?”

தாயம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஐயோ, என் வாயில மண்ண போட! நான் ஜெயசீலனைச் சொன்னேன்மே. கதையில வர்ற ஜெயசீலன். ரெண்டாம் பாகம் வந்துகீது. கடசி வரியில வந்து நிக்கிறான், நான்தான் ஜெயசீலன்னு. டீக்கடையில ஒரே அமளி.”

ஜெயசீலன் அந்த லைனில் குடியிருந்தவன் அல்லன்; எந்த ஊரிலும் குடியிருந்தவன் அல்லன். சென்னையிலிருந்து வரும் வார இதழ் ஒன்றில், ‘சாம்பல் நிறக் கோட்டு’ என்ற மர்மத் தொடர்கதையில் துப்பறிந்துகொண்டிருந்தவன். இதழ்க்கட்டு பங்காரப்பேட்டையில் இறங்கி, சின்ன ரயிலுக்கு மாறி, வியாழன் நண்பகலுக்குள் ராபர்ட்சன்பேட்டைக் கடைக்கு வந்துவிடும். முதல் ஷிஃப்ட் விட்டு வருகிறவர்களில் எவனாவது ஒருவன் சைக்கிளை மிதித்துப் போய் ஒரு பிரதி வாங்கி வருவான். லைனில் அதற்குப் ‘புஸ்தகம்’ என்று பெயர். வேறு புத்தகம் அங்கே புழங்காததால் குழப்பத்துக்கு இடமில்லை.

நாகம்மாவின் வீட்டில் அதை வாங்கி வந்தவன் அவளுடைய ஒரே மகன் தசரதன்; படித்தவள் மருமகள் சம்பங்கி. குடியாத்தத்தில் எட்டாம் வகுப்புவரை படித்தவள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பாள். தசரதனுக்கும் படிக்கத் தெரியும். ஆனால் படித்தால் வாய் அடைபட்டுவிடும் என்பதால் கேட்பதையே விரும்பினான். குளித்துவிட்டு, ஈரத் துண்டைத் தலைக்கு வைத்துத் தரையில் நீட்டிப் படுத்துக்கொண்டு, வரிக்கு வரி அந்த எழுத்தாளரை வைவது அவனுடைய வாராந்தரத் தொழில். ஓடுகிற ரயிலின் கூரைமேல் இருவர் சண்டை போட்டால், “இன்னாத்துக்குப்பா மேல ஏறினாங்க, உள்ள இடமில்லியா?” என்பான். பூட்டிய அறைக்குள் புகை போல எதிரி நுழைந்தால், “கேவுருல நெய்யி வடியுதுன்னா கேக்குறவனுக்குப் புத்தி எங்க போச்சு?” என்பான். இது அவனுடைய கடைசித் தீர்ப்பு. இதற்குமேல் முறையீடு கிடையாது. அப்படி வைதுகொண்டே அடுத்த வியாழனுக்குக் காத்திருப்பான்.

முதல் பாகம் தை மாதத்தில் முடிந்தது. சாம்பல் நிறக் கோட்டு அணிந்த கொலைகாரன், மலைக்கோட்டையின் அடியில் இருந்த சுரங்கவழிக்குள் ஜெயசீலனை ஏமாற்றி அழைத்துப்போய், வெடி வைத்துக் கூரையை இறக்கிவிட்டான். ஜெயசீலனின் கை விளக்கு அணைந்தது என்பதோடு கதை நின்றது. இரண்டாம் பாகம் பின்னர் வரும் என்று கீழே கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள்.

“ஆளு செத்துட்டான். அவ்ளோதான்,” என்றான் தசரதன்.

“வாய மூடுடா,” என்று பொங்கினாள் நாகம்மா. “அவனே செத்துட்டா அப்பால கதை ஏது? எங்கனா சந்து பொந்துல பூந்து வருவான்.”

“எங்கம்மா வருவான்? மேல இருந்த பாறை மொத்தமும் கீழ வந்துடுச்சு. அடச்சுக்கினா காத்து இல்ல. வெடி போட்டா பொகை நிக்கும். நாங்களே ஒரு ஷிப்டு விட்டுத்தான் உள்ள போறோம். ஒரு நாள் கீழ எறங்கினவனக் கேளு, சொல்லுவான்.”

தாயும் மகனும் அன்று சோறு ஆறும்வரை சண்டை போட்டார்கள். சம்பங்கி சிரித்துச் சிரித்துக் களைத்துப்போனாள். அப்போதெல்லாம் அவள் சிரிப்பதனால்தான் களைத்தாள்.

பங்குனியில் ஒரு முற்பகல் வீட்டுத் தகரம் கிடுகிடுத்தது. உறியில் தொங்கிய சட்டிகள் ஒன்றோடொன்று மோதின. கீழே சுரங்கத்தில் பாறை முறிந்து பூமி அப்படி அசைந்தால் லைனில் யாரும் யாரையும் கேட்பதில்லை. அடுப்பை அவித்துவிட்டு எல்லாப் பெண்களும் சுரங்கத்துக்கு இறங்கும் ஷாஃப்டை நோக்கி நடப்பார்கள், ஓடமாட்டார்கள். ஓடினால் கெட்டது முந்திக்கொள்ளும் என்பது அங்கே நம்பிக்கை. ஷாஃப்டின் வாயில் நின்று, ஆள் ஏற்றி இறக்கும் கேஜைப் பார்ப்பார்கள். கேஜ் விரைந்து மேலே வந்தால் நடக்கக்கூடியவர்கள் வருகிறார்கள். ஊர்ந்து வந்தால், படுத்திருப்பவன் ஒருவனைக் கொண்டுவருகிறார்கள். அன்று கேஜ் விரைந்தும் வந்தது, ஊர்ந்தும் வந்தது. எல்லாரும் வந்து முடிந்தார்கள். தசரதன் மட்டும் வரவில்லை. அவன் வேலை செய்த முனையில் பாறை இன்னும் முறிந்து விழுந்துகொண்டிருந்தது. தோண்டப் போனவர்கள் திரும்ப வேண்டியதாயிற்று. சில நாள் பார்த்துவிட்டு, அந்த வழியைச் சுவர் எழுப்பி மூடினார்கள்.

இப்படி மேலே வராதவர்களுக்கென்று லைனில் ஒரு முறை இருந்தது. செத்தவனின் கூட்டாளி, மூடிய இடத்துக்கு எவ்வளவு அருகே போக முடியுமோ அவ்வளவு அருகே போய், கையளவு கல் ஒன்றை எடுப்பான். அதைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு கேஜில் தனியாக நிற்பான். கேஜை ஊர விடுவார்கள். மேலே, பெற்றவள் அதை மடியில் வாங்கிக்கொள்வாள். பிறகு குளிப்பாட்டுவது, புதைப்பது, கருமாதி எல்லாம் அந்தக் கல்லுக்கு நடக்கும். பெற்றவள் மடியை ஏந்தாவிட்டால் எதுவும் நடக்காது.

நாகம்மா மடியை ஏந்த மறுத்துவிட்டாள்.

“என் புள்ளைக்கு கேஜு மெதுவா வந்துச்சா? நீ பாத்தியா? நான் பாக்கல. கேஜு மெதுவா வராதவன செத்தவன்னு சொன்னா நாக்கு அழுகிப்பூடும்.”

அவ்வளவுதான். தசரதன் இறந்தவன் அல்லன் என்றாகிவிட்டது. ஆகவே சம்பங்கி தாலி அறுத்தவளும் அல்லள். தினமும் பூ வைத்துக்கொள்ள வேண்டும், பொட்டு இட்டுக்கொள்ள வேண்டும். விடியலில் அவனுக்குரிய தூக்கில் சோறு கட்டி ஆணியில் மாட்ட வேண்டும். ஷிஃப்டு முடிந்து சங்கு ஊதினால் நாகம்மா ஷாஃப்டு வாசல்வரை போய்வருவாள். அவள் திரும்பியதும் அந்தச் சோற்றைச் சம்பங்கி இறக்கி, இருவருக்கும் பகிர்ந்து போட வேண்டும். காலையில் கட்டிய சோறு மாலையில் புளித்திருக்கும். குழாயடியில் அவள் தலையில் இருந்த பூவைப் பார்த்துப் பேச்சு நிற்கும். ஒரு துக்கமென்று உட்கார்ந்து அழவும் அவளுக்கு உரிமையில்லை. ஒரு வேடிக்கைக்குச் சிரிக்கவும் முகமில்லை. சுரங்க ஆஸ்பத்திரியில் ஆயா வேலை ஒன்று அவளுக்கென்று பேசி வைத்திருந்தார்கள். ஆள் செத்தான் என்று வீட்டார் ஒப்புக்கொண்டாலல்லவா அந்த வேலை? அவளுக்கு வேலைமீது பெரிய ஆசை ஒன்றும் இல்லை. எழுந்து போவதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

காலம் கல்லையும் கரைக்கும் என்பார்கள். ஆடி பிறந்தபோது நாகம்மா ஒரு நாள் தானாகவே ஷாஃப்டுக்குப் போகாமல் இருந்தாள். பிறகு, தூக்குக் கட்ட வேண்டாம் என்று சொல்லாமல், அரிசியைக் குறைத்து அளந்து போட்டாள். கடைசியில் தசரதனின் கூட்டாளி சகாயத்தைக் கூப்பிட்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: “பொரட்டாசி அமாவாசைக்கு கல்ல ஏத்துங்கப்பா. அன்னிக்கு எல்லார் வூட்டுச் செத்தவங்களும் வர்ற நாளு.” அன்று சம்பங்கி தூங்கினாள். வெகுநாள் கழித்து, எழுப்பினால்தான் எழும்படியாகத் தூங்கினாள்.

இந்த நிலையில்தான் ஆவணி மாதத்து வியாழன் ஒன்றில் ஜெயசீலன் உயிரோடு வந்து சேர்ந்தான்.

தாயம்மா டீக்கடையிலிருந்து வாங்கி வந்து விரித்த பக்கத்தைச் சம்பங்கி அன்றே வாசிக்க நேர்ந்தது. சென்னைத் துறைமுகம், மழை, கப்பலிலிருந்து காலை இழுத்து இழுத்து இறங்குகிற ஒரு மனிதன், அவன் தொப்பியைக் கழற்றுகிறான். “நான்தான்... ஜெயசீலன்!” அதைப் படித்தபோது, இத்தனைக்கும் நடுவில், அவளுடைய உடம்பு ஒருமுறை சிலிர்த்தது உண்மை. அவளும் ரசிகைதானே. முதல் பாகத்தின் அத்தியாயங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து, சோப்புப் பெட்டி அட்டையை மேலட்டையாகக் கொடுத்து வைத்திருப்பவள். சிலிர்த்து முடிந்த பிறகுதான் மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். பார்த்திருக்கவே வேண்டாம் என்று தோன்றியது.

“பாத்தியா?” என்றாள் நாகம்மா. அவள் குரலில் வெற்றி இல்லை, பசி இருந்தது.

“கதை அத்தே.”

“கதைன்னா? மெட்ராஸ்ல உக்காந்து அத்தனை பேருக்கு எழுதறவன் ரோசன இல்லாமயா எழுதுவான்? நாலும் விசாரிச்சுத்தான் எழுதுவான். பாறை வுழுந்துச்சு இல்ல? வெளக்கு அணஞ்சுச்சு இல்ல? அப்பறம் எப்பிடி வந்தான்?”

“அத இன்னும் சொல்லல.”

“சொல்லுவான்,” என்றாள் நாகம்மா. “சொல்லட்டும். அதுவரைக்கும் சகாயத்த கல்லத் தொட வேணாம்னு சொல்லு.”

மறுநாள் விடியலில் அரிசி பழைய அளவுக்கு ஏறியது. தூக்கு ஆணிக்குத் திரும்பியது. சங்கு ஊதியதும் நாகம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஷாஃப்டு வாசலுக்குப் புறப்பட்டாள். மல்லுக்கட்டத் தெம்பு வேண்டும். ஆடி மாதத்தில் மிஞ்சியிருந்த தெம்பைச் சம்பங்கி நம்பிக்கைக்குச் செலவழித்துவிட்டிருந்தாள்.

லைனில் வேறு பேச்சில்லை. வந்தவன் ஜெயசீலனே அல்லன், கோட்டுக்காரன்தான் முகத்தை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான் என்று டீக்கடையில் ஒரு கட்சி. கூடப் பிறந்த இரட்டையன் என்று மற்றொரு கட்சி. தாயம்மா இரண்டு கட்சியிலும் இருந்தாள்.

இரண்டாவது வியாழனன்று இதழ் வந்தபோது சம்பங்கி அதை வேலையாகவே படித்தாள். கதை கெட்டுப்போயிருந்தது. முதல் பாகத்தில் கூர்மையாகப் பேசிய ஜெயசீலன் இப்போது பக்கத்துக்குப் பக்கம் பெருமூச்சு விட்டான். அவன் எப்படித் தப்பினான் என்பதை எழுத்தாளர் இந்த வாரமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, அவனுக்காகக் காத்திருந்த வசுமதியைக் கொண்டுவந்தார். ஊரே அவன் இறந்தான் என்றபோதும், வசுமதி வாடாத மல்லிகையோடு ஜன்னலருகே நின்றிருந்தாளாம்.

“பொம்பளைன்னா அவ பொம்பள,” என்றாள் நாகம்மா.

சம்பங்கிக்குச் சிரிப்பு வந்தது, தொண்டைக்குள்ளேயே நின்றது. மல்லிகை எப்படி வாடாமல் இருக்கும்? தினமும் யாரோ வாங்க வேண்டும், யாரோ தொடுக்க வேண்டும், மறுநாள் கறுத்துப்போனதை யாரோ எடுத்தெறிய வேண்டும். வசுமதியின் ஜன்னலுக்குக் கீழே எறிந்த பூ எவ்வளவு கிடக்கும் என்று எழுத்தாளர் எண்ணிப் பார்த்தாரா? தசரதன் இருந்திருந்தால் கேட்டிருப்பான். இந்த நினைப்பு வந்ததும் அவள் இதழை மூடிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மூன்றாவது வியாழனன்று, அமாவாசைக்கு நாலைந்து நாள் இருக்கையில், சகாயமே இதழை வாங்கிக்கொண்டு வந்தான். தசரதனோடு ஒரே முனையில் மரத்தூண் முட்டுக் கொடுத்தவன். அந்த நாளில் காய்ச்சலில் படுத்திருந்ததனால் பிழைத்தவன். பிழைத்ததை ஒரு குற்றம் போலச் சுமந்து, உள்ளே வராமல் வாசற்படியிலேயே நிற்பான்.

“அண்ணி, அம்மா எங்க?”

“சங்கு ஊதிச்சு இல்ல? ஷாஃப்டுக்குப் போயிருக்காங்க. வந்துடுவாங்க.”

“வழியிலயே பிரிச்சுப் படிச்சுட்டேன்.” குரலைத் தாழ்த்தினான். “எப்பிடித் தப்பிச்சான்னு போட்டுட்டான். ரெண்டு பக்கத்துக்கு. அம்மா கேட்டா அமாவாசையும் போச்சு, எதுவும் போச்சு. நீங்க இன்னா பண்றீங்க, அந்த எடத்த மாத்திப் படிச்சுடுங்க. இவன் டூப்பு, அசல் ஆளு அங்கயே பூட்டான்னு சொல்லிடுங்க. அவங்களுக்குத் தெரியவா போவுது?”

“தட்டிக்கு அந்தாண்ட தாயம்மாக்கா இருக்காங்க அண்ணா. அவங்களுக்குக் காது அங்கதான் ஒட்டிக்கினு இருக்கும்.”

“தாயம்மாக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

சம்பங்கி இதழை வாங்கி அட்டையைப் பார்த்தாள். பொய் சொல்வது அவளுக்குப் பாவமாகத் தோன்றவில்லை. ஒரு பொய்யைத் தொடங்கினால் அடுத்த வியாழனும் அதற்கடுத்த வியாழனும் அதைத் தானே எழுதிக்கொண்டுபோக வேண்டுமே என்றுதான் தோன்றியது. ஒரு பொய்யை மாமியார் ஏற்கெனவே வீட்டில் வளர்க்கிறாள். அதற்குச் சோறு கட்டியே கை ஓய்ந்துவிட்டது.

“இருக்கறதப் படிக்கிறேன் அண்ணா. என்னால ஆவாது.”

சகாயம் தலையைச் சொறிந்துகொண்டான். “கல்ல எடுத்து வெச்சுட்டேன் அண்ணி,” என்றான் மெதுவாக. “சொவரு ஓரத்துலருந்து. கீழயே, முட்டு மரத்துக்குப் பின்னால, துணியில சுத்தி வெச்சிருக்கேன். தினம் பாத்துட்டுத்தான் வேலைக்குப் போறேன். தொட வேணாம்னு அம்மா சொன்னாங்க. ஆனா எடுத்தத எப்பிடித் திரும்ப வெக்கறது?”

நாகம்மா வந்துகொண்டிருந்தாள். தூரத்திலேயே அவன் கையில் இதழ் இல்லாததையும் மருமகள் கையில் இருப்பதையும் பார்த்துவிட்டாள். முகம் கழுவவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. உள்ளே வந்து, மகன் படுக்கும் இடத்தை விட்டுச் சற்றுத் தள்ளி, சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள்.

“படிமே. சகாயம், நீயும் கேளு. குந்து.”

சகாயம் வாசற்படியில் உட்கார்ந்தான். தட்டிக்கு அந்தப் புறம் தாயம்மாவின் வீட்டில் பாத்திர ஓசை நின்றது.

சம்பங்கி படித்தாள். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கடைக்காரன் விலை சொல்வது போலப் படித்தாள். வசுமதி கேட்கிறாள்: நீங்கள் எப்படிப் பிழைத்தீர்கள்? ஜெயசீலன் பெருமூச்சு விட்டுச் சொல்லத் தொடங்குகிறான். கூரை இடிந்தபோது இரண்டு பெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து அவனுக்குக் கூடாரமாக நின்றனவாம்.

“ம்,” என்றாள் நாகம்மா. “நிக்கும். அப்பிடி நிக்கறதுண்டு.”

சகாயம் தரையைப் பார்த்தான்.

‘புகை அடங்கியவுடன் நான் எழுந்தேன்...’

“எவ்ளோ நேரம் கழிச்சு?”

“நேரம் போடல அத்தே. அடங்கியவுடன்னு போட்டிருக்கு.”

“ஒடனே எப்பிடி அடங்கும்? வழி அடச்சுக்கினுகீதே. சரி, படி.”

‘சட்டைப் பையிலிருந்து தீக்குச்சியை எடுத்துக் கிழித்தேன். அதன் ஒளியில், கற்களுக்கிடையே ஒரு குறுகிய பாதை தெரிந்தது. குச்சிகளை ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டே, ஊர்ந்து ஊர்ந்து, மூன்று பகலும் மூன்று இரவும்...’

“நிறுத்து.” நாகம்மா முதுகைச் சுவரிலிருந்து எடுத்தாள். “இன்னாது? நெருப்புக்குச்சியா?”

“ஆமா அத்தே.”

“அடச்ச எடத்துல குச்சி எப்பிடிடி எரியும்? காத்து ஏது? ஆளுக்கே மூச்சுக்குக் காத்து இல்ல, இவன் குச்சிக்குக் குடுத்துக்கினு போறானா? ஏம்பா சகாயம், எரியுமா?”

சகாயம் செருப்பைத் திருப்பித் திருப்பி வைத்தான்.

“எரியாது! மூணு நாளாம்! வெடி போட்ட பொகை நிக்கும். நல்லா இருக்கற எடத்துக்கே ஒரு ஷிப்டு விட்டுத்தான் போவாங்க. மேல இருந்த பாறை மொத்தமும் கீழ வந்துடுச்சு, இவனுக்கு மட்டும் பாதை வுட்டுச்சாமா? எங்கருந்து வருவான்? ஒரு நாள் கீழ எறங்கினவனக் கேட்டு எழுதக் கூடாதா? மெட்ராஸ்ல உக்காந்துக்கினு, இன்னா எழுதினாலும் கேட்டுக்குவாங்கன்னு...” அவளுக்குக் கோபத்தில் இருமல் வந்தது, இருமலோடேயே சொன்னாள். “கேவுருல நெய்யி வடியுதுன்னா கேக்குறவனுக்குப் புத்தி எங்க போச்சு?”

சொல்லிவிட்டு, மகன் படுக்கும் இடத்தைப் பார்த்து, “இல்லடா?” என்றாள்.

அந்த இடத்தில் பாய் சுருட்டிச் சாத்தியிருந்தது.

நாகம்மா தன் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். வாயிலிருந்து வந்தவை யாருடைய சொற்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவை எதைப் பற்றிய சொற்கள் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டிருந்தாள். பாறை மொத்தமும் கீழே வந்துவிட்டது. காற்று இல்லை. எங்கிருந்து வருவான்?

கையை எடுக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. அழவில்லை. ஷாஃப்டு வாசலுக்கும் வீட்டுக்கும் நடந்த நடையெல்லாம் ஒரே சமயத்தில் காலில் இறங்கியது போல, முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

“அவன் அப்பவே சொன்னான்,” என்றாள். “நான்தான் சண்ட போட்டேன்.”

சம்பங்கி இதழைத் தாழ்த்திக்கொண்டாள். அவளுக்குக் கை வலித்தது. எழுந்து போய், சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து மாமியாரின் அருகே வைத்தாள்.

நாகம்மா தண்ணீரைக் குடித்து முடித்தாள். “சகாயம்.”

“அம்மா.”

“அமாவாசைக்குக் கல்ல எடுத்தாந்துடு. மெதுவா வுடச் சொல்லு கேஜ. கேஜு வுடறவன் அவசரப்படப் போறான்.”

“சரிம்மா.”

“பெரிய கல்லா எடுக்காத. என் மடி தாங்கணும்.”

“சின்னதுதாம்மா,” என்றான் சகாயம். அதற்குமேல் அங்கே உட்கார முடியாமல் எழுந்து, செருப்பை மாட்டாமலே கையில் எடுத்துக்கொண்டு நடந்தான்.

வெயில் தகரத்தை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து வந்த காற்றில் வெள்ளைத் தூசி வாசல்வரை பறந்து வந்து படிந்தது. அதைப் பெருக்க வேண்டும் என்று சம்பங்கி நினைத்தாள், எழுந்திருக்கவில்லை. ஆணியில் தூக்கு தொங்கியது. அமாவாசைக்குப் பிறகு பூ இல்லை, பொட்டு இல்லை, வளையலையும் உடைப்பார்கள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி. அங்கே விடியலில் போய் நிற்க வேண்டும். எதிலும் மகிழ ஒன்றுமில்லை. என்றாலும், நாளைக் காலையில் அந்தத் தூக்கில் சோறு கட்ட வேண்டியதில்லை. இந்த ஒரு நினைப்பில் அவளுடைய தோள்கள் தாமாகக் கீழே இறங்கின.

“மிச்சம் இருக்கா?” என்றாள் நாகம்மா.

“எதுல அத்தே?”

“புஸ்தகத்துலதான்.”

“ஒரு பக்கம் இருக்கு.”

“படிச்சுடு. பாதியில வுடக் கூடாது.”

சம்பங்கி இதழை எடுத்து, நிறுத்திய வரியைத் தேடினாள். ஜெயசீலன் மூன்று பகலும் மூன்று இரவும் ஊர்ந்து, ஒரு பாழுங்கிணற்றின் அடியை அடைந்து, விழுதைப் பிடித்து ஏறினான். வசுமதி ஆனந்தக் கண்ணீர் வடித்தாள். ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறக் கோட்டு ஒன்று அசைந்தது. நாகம்மா கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். இடையில் ஒரே ஒருமுறை, “விழுதாம்,” என்று உதட்டைப் பிதுக்கினாள்.

படித்து முடித்து, சம்பங்கி தூக்கை ஆணியிலிருந்து இறக்கினாள். மூடியைத் திறந்ததும் புளித்த வாடை அடித்தது. இரண்டு தட்டில் பகிர்ந்து, ஊறுகாய் வைத்துக் கொண்டுவந்தாள். இருவரும் சாப்பிட்டார்கள்.

கை கழுவப் போனவள் பாதியில் நின்று, திரும்பாமல் சொன்னாள் நாகம்மா:

“அடுத்த வாரமும் புஸ்தகம் வாங்கியாறச் சொல்லு சகாயத்த. இப்பிடி எழுதறவன வையறதுக்கு இந்த வூட்ல ஒரு ஆளு வேணும்.”

சம்பங்கி தூக்கைத் துலக்கிக் கவிழ்த்தாள். ஆணியில் மாட்டவில்லை.